உள்பக்கம் கொக்கி வைத்த சைட்போர்டு

என் வீட்டுக்காரர் பயந்தவர். இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுவதிலும் தப்பில்லை. தபால்காரன் சைக்கிள் மணி அடித்தால் பின்கட்டுக்குப் போய்விடுவார். கடையில் யாராவது பெயர் கேட்டால் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார், கேட்டவன் "என்னாது, என்னாது?" என்று காதைக் கிட்டே கொண்டுவர வேண்டும். இத்தனைக்கும் இடிக்குப் பயமில்லை. பாம்புக்குப் பயமில்லை. எங்கள் குளியலறையில் புகுந்த நாகத்தைத் தண்ணீர்க் குழாய்த் துண்டால் ஒரே போடாகப் போட்டவர். அவருடைய பயமெல்லாம் ஒரே ஒரு சாமான் மேல்தான். லோரி.

பெயர் சேதுராமன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மலாக்கா டவுனில் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர் வேலை. காஜா பெராங்கில், தகரக் கூரை போட்ட பலகை வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அவர், பூங்காவனமாகிய நான், எங்கள் மகள் விஜயா.

லோரி மேல் என்ன அப்படிப் பயம் என்று கேட்பீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவரும் அவருடைய அண்ணன் ராஜரத்தினமும் இதே தெருவில்தான் வாடகைக்கு இருந்தார்கள். தாய் தகப்பன் கிடையாது. அண்ணன்தான் சோறு பொங்கிப் போட்டு ஆளாக்கினவர். ஒரு நாள் காலையில் தெருவுக்குள் ஒரு லோரி வந்தது. அதில் நின்றவன் தமிழ்க்காரன்தான். தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏறுங்க, ஏறுங்க! நல்ல சாப்பாடு, படம் காட்டுறாங்க, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடுவோம்" என்று கூவினானாம். படத்துக்கு ஆசைப்பட்டுச் சிலர் ஏறினார்கள். ஏறாத வீடுகளில் வாசலுக்கே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு ஒரு ஆள். இவர்கள் வீட்டு வாசலில் கூப்பிட்ட பெயர், சேதுராமன்.

இவர் பின்கட்டில் விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். இருபது வயசுகூட ஆகவில்லை. வாசலில் அண்ணன் குரல் கேட்டது: "சேதுராமன் நான்தான்." அப்புறம் லோரி கிளம்புகிற சத்தம்.

சயாமில் ரயில் பாதை போடத்தான் கொண்டுபோனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சண்டை முடிந்து அங்கேயிருந்து ஒன்றிரண்டு பேர் குச்சியும் எலும்புமாகத் திரும்பி வந்தார்கள். அவர்களிடம் போய் இவர் அண்ணனை விசாரித்தார். ராஜரத்தினமா, அப்படி யாரும் எங்கள் கூட்டத்தில் இல்லையே என்றார்கள். சேதுராமன் என்று ஒருத்தன் இருந்தான், பாவம், காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார்கள். தன் சாவுச் செய்தியைத் தானே நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தவர் என் வீட்டுக்காரர்.

அதோடு போயிற்றா? ஜப்பான் கொடி இறங்கின வாரத்திலும் ஒரு லோரி வந்தது. இந்தத் தடவை வந்தவர்கள் காட்டில் ஒளிந்திருந்து ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்கள். எதிர்வீட்டில் இருந்த தம்பிராஜா ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்த்தவன் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனும் திரும்பவில்லை. அன்றைக்கே இவருக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. கொடி மாறினால் லோரி வரும். அதில் ஏறினவன் திரும்பமாட்டான்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கணக்கோடுதான் குடித்தனம் நடத்தினேன். வீட்டில் கனமான சாமான் ஒன்றுகூட வாங்கவிடமாட்டார். தட்டு, கிண்ணம், வெள்ளி டம்ளர் எல்லாம் தகரப் பெட்டிக்குள். ஒவ்வொரு வேளைக்கும் பெட்டியைத் திறந்து தட்டு எடுத்து, சோறு போட்டு, கழுவித் துடைத்து மறுபடியும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன மூட்டை எப்போதும் தொங்கும். ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு புட்டியில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. "எந்த ஊருக்குங்க பயணம்?" என்று கேலி செய்வேன். மாத்திரையை மட்டும் அவ்வப்போது புதுசாக வாங்கி மாற்றிவைப்பார்.

செமாபோக்கில் இருக்கிற என் அக்கா வீட்டில் சாப்பாட்டு அறைக்குப் போய்ப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மேசை, நாற்காலி, கண்ணாடி வைத்த அலமாரி, அதில் பூப்போட்ட பீங்கான். நாங்களும் எப்படியோ மேசை வாங்கிவிட்டோம். அதற்குப் பக்கத்துச் சுவர் மூளியாக நின்றது. அந்தச் சுவருக்கு ஒரு சாமான் வேண்டும் என்று நான் கேட்காத நாளில்லை. இவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட நாளுமில்லை. அது ஐம்பத்தேழாம் வருஷம். மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறது, ஆகஸ்டு முப்பத்தொன்று என்று தேதி வைத்தாகிவிட்டது, ரேடியோவைத் திறந்தால் பாட்டு, ஊரெல்லாம் சாயம் பூசுகிறார்கள். இவருக்கு மட்டும் நாளுக்கு நாள் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. புக்கிட் ரம்பாய் போகிற பஸ்ஸில் எவனோ, தமிழாளுங்களையெல்லாம் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று கதை விட்டிருக்கிறான். அன்றைக்கு இவர் சாப்பிடவேயில்லை.

அப்படி இருந்த மனுஷன் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கெளம்பு பூங்காவனம், அந்தச் செவுத்துக்கு ஒரு சாமான் பாத்துட்டு வருவோம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேட்டால் எங்கே மனசு மாறிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு புடவையை மாற்றினேன்.

ஜோங்கர் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஷரீஃபுதீன் பாயின் பழைய சாமான் கடை. அந்த வருஷம் அவருக்கு நல்ல வரும்படி. தோட்டத்துத் துரைமார்களும் அதிகாரிகளும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டில், மேசை, மான்கொம்பு எல்லாம் அவர் கடைக்கு வந்து குவிந்துகொண்டிருந்தது.

"வாங்க தங்கச்சி, வாங்க தம்பி. சாப்பாட்டு ரூமுக்கா? அப்ப சைட்போர்டு பாருங்க. இடுப்பு ஒசரம்தான், மேல பழம் வைக்கலாம், உள்ள பீங்கான் வைக்கலாம். வெள்ளைக்காரன் வூட்டுல இது இல்லாம சோறு எறங்காது" என்றார்.

மூன்று இருந்தன. முதலாவது தேக்கு. மேலே கண்ணாடி, இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி இழுப்பறை, கால்கள் மெலிசாக வளைந்து. பார்த்ததும் என் மனசு அதில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது ஏதோ பாபா சீனர் வீட்டிலிருந்து வந்தது; சிப்பி பதித்து, மேலே சலவைக்கல். மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். ஜாசின் பக்கத்துத் தோட்டத்துத் துரை விட்டுப்போனது. கறுப்பு நிறம். சேற்றில் படுத்த எருமை மாதிரி கிடந்தது.

இவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, சிப்பியைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து தேக்குச் சாமானின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். முழங்கையால் ஆழம் பார்த்தார். எழுந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சலவைக்கல்லுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. தலையை விடுவது, முழங்கை, என்னை ஒரு பார்வை. எனக்குச் சுருக்கென்றது. சாமான் வாங்க வந்த இடத்தில் பெண்டாட்டி இடுப்பை அளக்கிற மனுஷனை எங்கே கண்டீர்கள்?

கடைசியில் எருமைக்கு வந்தார். அதற்குள்ளே நடுத் தடுப்பே இல்லை. ஒரே ஒரு தட்டுப் பலகை, அதுவும் தூக்கினால் கையோடு வந்துவிட்டது. தலை, தோள், பாதி உடம்பு என்று உள்ளே போய் "ஊ" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். வெளியே வந்து, கடையில் நாலு பேர் நிற்க, "பூங்காவனம், இப்படிக் கொஞ்சம் குத்தவச்சு உக்காரு" என்றார்.

"எதுக்காம்?"

"உக்காரேன்."

உட்காரவில்லை. பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தம்பி, தட்டு வைக்கப் போறீங்களா, ஆடு கட்டப் போறீங்களா?"

"காத்து வருமா பாய், உள்ள?"

"பீங்கானுக்கு எதுக்கு தம்பி காத்து?"

அந்தக் கறுப்புச் சாமானைத்தான் வாங்கினார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் இருந்தது. நாலு ஆள் சேர்ந்து தூக்குகிற சாமானை ஒருவர் வாங்குகிறார் என்றால், இனி இந்த ஊரை விட்டு ஓடுகிற எண்ணமில்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நான் நினைத்தேன்.

சாமான் வந்து இறங்கின அன்றைக்கே தட்டுப் பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் சொருகிவிட்டார். "தட்டை எங்கேங்க அடுக்குறது?" என்றால், "இருக்கட்டும், பாக்கலாம்." மறுநாள் துளைபோடுகிற கருவியை எடுத்துவந்து முதுகுப் பலகையில் வரிசையாகத் துளை போட்டார். "பூசணம் பிடிக்காம இருக்கும்" என்றார். போகட்டும் என்று விட்டேன். அடுத்த நாள் நான் பாசாருக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கதவுக்கு உள்பக்கமாகப் பித்தளைக் கொக்கி ஒன்று அடித்திருக்கிறது.

"யாராச்சும் அலமாரிக்கு உள்ளபக்கம் கொக்கி வைப்பாங்களா? தட்டு உள்ள ஒக்காந்துக்கிட்டு கதவச் சாத்திக்குமா?" என்று கத்தினேன்.

அவர் கொக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "தட்டு இல்ல. நீயும் பாப்பாவும்" என்றார்.

என் சுவருக்கு அலங்காரம் என்று நான் ஆசைப்பட்டுக் கேட்டது, இந்த மனுஷன் கணக்கில் ஒளிகிற பொந்து. கடையில் என்னை ஏன் அளந்தார், ஏன் குத்தவைக்கச் சொன்னார், எல்லாம் விளங்கிவிட்டது. ஆத்திரம் வந்தது. அதைவிட, அதுவரைக்கும் அவரோடு மட்டும் இருந்த பயம் அந்தக் கொக்கி வழியாக என் மேலும் வந்து ஒட்டிக்கொண்டது. அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

"கொடிதான் மாறப்போவுது. நம்ம நாடுன்னு சொல்றாங்க. யாருங்க நம்மளப் பிடிக்கப் போறா?"

"போன தடவ ஜப்பான்காரனும் ஆசியா ஆசியாக்காரனுக்குன்னுதான் சொன்னான்" என்றார்.

அப்புறம் ஒரு மத்தியானம் ஒத்திகை. விஜயாவுக்கு ஒன்பது வயசு. அவளுக்கு இது கண்ணாமூச்சி. சிரித்துக்கொண்டு முதலில் உள்ளே போய்விட்டாள். நான் திட்டிக்கொண்டே புடவையைச் சுருட்டிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே பழைய மெழுகு வாசமும் துரை ஊற்றி வைத்த சாராய வாசமும் அடித்தது. என் முழங்கால் மோவாயை இடித்தது. ஆனால் அளவு சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்குக் கச்சிதம். வெளியே அவர் நிம்மதியாக மூச்சு விடுகிற சத்தம் சாவித் துவாரம் வழியாகக் கேட்டது.

ஆகஸ்டுக் கடைசி வாரம் விஜயாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று இவரே சொல்லிவிட்டு வந்தார். வாசல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினார். யாரோடும் பேச்சுக் கூடாது. பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மாள், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற குடும்பம், வேலிக்கு மேல் எட்டி மலாயில் ஏதோ சொல்ல வந்தார். நான் வாய் திறப்பதற்குள் இவர் என்னைக் கூப்பிட்டு உள்ளே வரச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் அரைத் தூக்கம்தான். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு ரோட்டையே கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கும் எந்தச் சத்தமும் லோரிச் சத்தமாகவே காதில் விழத் தொடங்கியது.

முப்பத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை. காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பாதியில் கோப்பையை வைத்தார். எனக்குக் கேட்பதற்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிட்டது. கிழடாகிப்போன எஞ்சின் ஒன்று மேட்டைத் திணறித் திணறி ஏறி எங்கள் தெருவுக்குள் திரும்புகிற சத்தம்.

"பூங்காவனம்" என்றார். அவ்வளவுதான்.

நான் கேலி பேசவில்லை. விஜயாவைத் தூக்கி உள்ளே போட்டேன், நானும் நுழைந்தேன், கொக்கியை மாட்டினேன். கும்மிருட்டு. விஜயா சிரிக்கப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். பொத்தின அழுத்தத்திலேயே அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

லோரி எங்கள் வாசலுக்கு நேரே வந்து நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. பிள்ளைகள் குரல் கேட்டது. பலகைக்குள்ளிருந்து கேட்டால் அது அழுகையா, சிரிப்பா, கூச்சலா என்று புரியவில்லை. அதற்கு மேலே ஒரு ஆம்பிளைக் குரல், தகரக் குழல் வைத்துக்கொண்டு, நல்ல தமிழில்:

"ஏறுங்க, ஏறுங்க! நல்ல சாப்பாடு, படம் காட்டுறாங்க, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடுவோம்!"

அவர் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். ஒரு சொல் மாறவில்லை. இத்தனை வருஷம் அவரைப் பைத்தியம் என்று சொன்ன நான்தான் பைத்தியம் என்று நினைத்தேன். மாரியாத்தா, என் பிள்ளையைக் கொண்டுபோக வந்துவிட்டார்களே.

சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தேன். அவருடைய கால் மட்டும் தெரிந்தது. சாரத்துக்குக் கீழே இரண்டு காலும் வெடவெடவென்று ஆடின. அந்தக் கால் ஓடப்போகிறது, பின்கட்டு வழியாக ஓடிவிடும் என்று எதிர்பார்த்தேன். சமையலறைப் பக்கம் போகவும் செய்தது. ஆனால் திரும்பி வந்தது. கையில் அந்த மூட்டை.

கதவைத் தட்டினார்கள்.

"அண்ணே, இந்த வீட்டுல ஒரு பொம்பளப் பிள்ளை இருக்குல்ல? வரச் சொல்லுங்க."

"பிள்ளை இல்ல." அவர் குரல்தான். "வீட்டுல யாருமில்ல. ஊருக்குப் போயிட்டாங்க."

"அடடே. காய்ச்சல்னு சொன்னாங்களே?"

"யாருமில்ல. நான்தான் இருக்கேன். நான் வர்றேன்."

வெளியே யாரோ சிரித்தார்கள். "நீங்களா? சரி வாங்கண்ணே, எடமிருக்கு. உங்க பேரு?"

தபால்காரனுக்கும் கடைக்காரனுக்கும் வாய்க்குள் முணுமுணுத்த பெயரை அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சேதுராமன். சேதுராமன் நான்தான்."

என் ஒரு கை விஜயா வாயில், ஒரு கை கொக்கியில். திறந்தால் பிள்ளை போகும். திறக்காவிட்டால் புருஷன் போவார். எந்தக் கடவுளும் ஒரு பெண்பிள்ளையை அப்படி உட்கார்த்தி வைக்கக் கூடாது. கால்கள் வாசற்படி இறங்கிப் போனதைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் போயின. எஞ்சின் உறுமியது. சத்தம் தெருக்கோடி வரைக்கும் தேய்ந்து, இல்லாமல் போனது.

நான் வெளியே வந்தபோது மேசை மேல் அவருடைய பாதிக் கோப்பைக் காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. தெருவுக்கு ஓடினேன். ஒரு ஈ காக்கை இல்லை. செட்டி அம்மாள் வீட்டுக் கதவில் பூட்டு. எதிர்வீட்டில் பூட்டு. அடுத்த வீட்டிலும் பூட்டு. தெருவையே துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து படபடவென்று வெடிச் சத்தம் வந்தது. நான் விஜயாவை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன்.

"அப்பாவச் சுடுறாங்களாம்மா?" என்று கேட்டாள் பிள்ளை. அவளுக்கு நான் ஒரு அறை கொடுத்தேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவருடைய மூட்டை தொங்கின ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சட்டை. எங்களோடு ஓடுவதற்கு வைத்த மூட்டை என்றுதானே அத்தனை வருஷமும் கேலி செய்தேன். அதில் என் புடவை ஒன்று இல்லை, பிள்ளை சட்டை ஒன்று இல்லை. அது ஒற்றை ஆளுக்குக் கட்டின மூட்டை. அது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

வெயில் சாயும் நேரத்தில் மறுபடியும் லோரிச் சத்தம். மிச்சமிருப்பதையும் அள்ளிக்கொண்டு போக வருகிறார்கள் என்று நினைத்தேன். விஜயாவை நானே தூக்கிச் சைட்போர்டுக்குள் வைத்து, "கொக்கிய மாட்டு, செத்தாலும் தொறக்காத" என்றேன். அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றேன். எனக்குள் இருந்த பயத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்த இடத்தை விட்டுக் கால் நகரவில்லை.

கதவு திறந்தது. அவர் நின்றார். ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் காகிதக் கொடி, கக்கத்தில் வாழையிலையில் கட்டின நெய்ச்சோறு. தலையெல்லாம் புழுதி. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்த பிள்ளை மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்:

"பூங்காவனம், திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க."

அரிவாள்மனையைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளில் நாலு குத்துக் குத்தினேன். புருஷனைக் கை நீட்டலாமா என்று கேட்பவர்கள் அந்த நாளை என்னோடு உட்கார்ந்து கழித்துவிட்டு வந்து கேட்கட்டும். அவர் தடுக்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தார்.

நடந்தது இவ்வளவுதான். பண்டா ஹிலிர் திடலில் சுதந்திர விழா; சாப்பாடு, படம் எல்லாம் நிஜமாகவே உண்டு. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போக இளைஞர் சங்கத்துக்காரர்கள் லோரி பிடித்திருக்கிறார்கள். அந்த வாரம் வகுப்பில் தினமும் சொல்லியிருக்கிறார்கள். விஜயா போயிருந்தால் தெரிந்திருக்கும். செட்டி அம்மாள் வேலிக்கு மேல் சொல்ல வந்ததும் அதுதான். தெருவே திடலுக்குப் போயிருந்தது. கடற்கரையில் வெடித்தது சீன வெடி. லோரியில் பிள்ளைகளுக்கு நடுவில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஒருவர்தான் பெரிய ஆள். பாதி வழி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லையாம். யாரோ ஒரு குட்டிப் பெண் கையில் காகிதக் கொடியைத் திணித்ததும்தான் திறந்து பார்த்திருக்கிறார்.

"விஜயாவோட டீச்சர் கேட்டாங்க, காய்ச்சல் எப்படியிருக்குன்னு" என்றார்.

"ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னீங்களே, அதையும் சொன்னீங்களா?"

விஜயா கொக்கியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து அந்தக் கொடியைப் பிடுங்கிக்கொண்டாள். நெய்ச்சோற்றை மூன்று பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம். தட்டு எடுக்க எனக்குத் தெம்பில்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"எங்க ரெண்டு பேரையும் அளந்து அளந்து சாமான் வாங்குனீங்களே. உங்களுக்கு எங்க எடம் பாத்து வச்சிருந்தீங்க?"

அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் நிதானமாகத் துடைத்தார்.

"எனக்கு லோரியிலதானே எடம். இத்தன வருசமா அந்த எடத்துல அண்ணன் ஒக்காந்திருந்தாரு. இன்னிக்கித்தான் எறங்குனாரு."

இரவு விளக்கு வைப்பதற்குள் படுத்துத் தூங்கிவிட்டார். குறட்டை விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு குறட்டையை நான் கேட்டதில்லை.

மறுநாள் கட்டிலுக்கடியிலிருந்து தட்டுப் பலகையை எடுத்துத் தானே மாட்டிக் கொடுத்தார். தகரப் பெட்டியிலிருந்த தட்டு, கிண்ணம், டம்ளர் எல்லாம் அதில் ஏறின. அந்த எருமைக்குள் என் அக்கா வீட்டுச் சாமானைப் போல இரண்டு மடங்கு பிடிக்கிறது. பார்க்க வந்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது எனக்குத் தெரியும். கொக்கியைக் கழற்ற அவர் திருப்புளியோடு வந்தார். "அது கெடக்கட்டும்" என்று நான்தான் தடுத்துவிட்டேன்.

இப்போது அவர் கடையில் பெயரைச் சத்தமாகச் சொல்கிறார். லோரி போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்தான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, அவர் வீட்டுக்குள் இருக்கிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.